ஏழாவது வரி

என் மேசை மேல் ஒரு விசில் கிடக்கிறது. பித்தளை விசில். மேலே பூசியிருந்த வெள்ளி முலாம் ஊதுகிற இடத்தில் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. பச்சைக் கயிற்றில் இரண்டு முடிச்சு. எடுத்துக் குலுக்கினால் உள்ளே இருக்கும் தக்கை உருண்டை கடகடவென்று உருளும். அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். பள்ளியில் ஸ்கவுட் குழுவை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளைத் திருப்பதிக்கு அழைத்துப் போய்ப் பழைய இடங்களை நடந்தே காட்ட வேண்டுமாம். "நீங்கதான் சார் பழைய ஆளு, பிளான் எழுதிக் குடுங்க" என்று புதிய ஹெட்மாஸ்டர் சொல்லி இரண்டு நாளாகிறது. தாளில் பிள்ளையார் சுழி போட்டதோடு நிற்கிறேன். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்த தமிழ் பண்டிட் நான். ஒரு பயணத் திட்டம் எழுதக் கை வரவில்லை.

விசில் எங்கள் பழைய ஸ்கவுட் மாஸ்டருடையது. அவரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் எங்கள் பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆந்திர எல்லைக்குள் இருக்கிற நகரியில் தறிச் சத்தம் கேட்காத தெரு கிடையாது, எங்கள் பள்ளிச் சுவருக்குப் பின்னாலேயே இரண்டு பவர்லூம் கொட்டகைகள். வீட்டில் எல்லோருக்கும் தமிழ். ஆபீசுக்கும் சந்தைக்கும் தெலுங்கு. பள்ளியில் இரண்டு பிரிவும் உண்டு. தெலுங்குப் பிரிவில் சேர்த்தால் பையனுக்கு வேலை கிடைக்கும் என்று நினைக்கிற குடும்பங்கள் நிறைய. அப்படி ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தெலுங்கிலேயே படித்து, அதே பள்ளிக்கு டிரில் மாஸ்டராகத் திரும்பி வந்தவர் அவர். ஸ்கவுட் குழுவும் அவர் பொறுப்புதான். ஒல்லியான உடம்பு, கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்த நடை. நாளெல்லாம் தமிழில் கேலி பேசுவார். என்னைப் பார்த்தால் போதும், "இன்னா பண்டிட்டு, இன்னிக்கு யாரு காதைத் திருவினே?" என்பார். டீக்கடையில் தமிழ்ப் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் படம் பார்க்கிறாரா படிக்கிறாரா என்று நான் ஏன் யோசிக்கப் போகிறேன்?

எனக்கு அந்த வயதில் வாய் அதிகம். இப்போதும் குறைவில்லை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துகொண்டு, சொந்த மொழியைப் படிக்கத் தெரியாதவர்களைப் பற்றி நான் பிரசங்கம் செய்யாத வாரம் கிடையாது. வீட்டில் பேசுகிற பாஷையில் ஒரு போஸ்ட்கார்டு எழுதத் தெரியவில்லை, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்பேன். எதிரே ஸ்கவுட் மாஸ்டர் டீ குடித்துக்கொண்டிருப்பார். எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அந்த வருஷம்தான் அவருக்கு இந்த நடைப்பயண யோசனை வந்தது. காலை ரயிலில் திருப்பதி போய் இறங்குவது. பழைய ஊரில் கோவிந்தராஜர் கோயில் கோபுரத்தையும் குளத்தையும் சுற்றியுள்ள மாட வீதிகளையும் நடந்து பார்ப்பது. பஸ்ஸில் சந்திரகிரி போய்க் கோட்டையும் அரண்மனையும் பார்ப்பது. அங்கிருந்து ராஜாக்கள் மலைக்குப் போன திசையிலேயே மங்காபுரம் கோயில் வரை நடப்பது. சரித்திரம் யாருக்கு வேண்டும், பிள்ளைகள் கால் நோக நடக்கட்டும் என்று அவர் சொன்னாலும், அந்தக் கோட்டையின் மேல் அவருக்கு ஒரு பித்து. கல்வெட்டு படிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் குழுவுக்கு உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அந்த வழியை முன்கூட்டி நடந்து பார்க்கப் போனோம். ஸ்கவுட்டில் அது ஒரு சட்டம். பெரியவர்கள் நடந்து பார்க்காத பாதையில் பிள்ளைகளை விடக்கூடாது.

அன்று பொழுது அருமையாகப் போனது என்பதை நான் மறைக்க மாட்டேன். கோயில் சுவரில் இருந்த தமிழ்க் கல்வெட்டில் எனக்குப் பிடிபட்ட சொற்களை நான் விரல் வைத்து உரக்கப் படித்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு கேட்டார். வழியில் தமிழ் போர்டு எது வந்தாலும், "கண்ணாடி கொண்டாரல, நீயே படி பண்டிட்டு" என்பார். சந்திரகிரியிலிருந்து மங்காபுரம் போகிற ரோட்டில் நல்ல ஜனம். மங்காபுரத்தில் அப்போது பிரம்மோற்சவம் நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரம் புளியமரத்தடியில் ஒரு மோர்ப் பந்தல். அதைத் தாண்டி அரை மணி நடையில் மண்பானைகள் வைத்து ஒரு தண்ணீர்ப் பந்தல். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊற்றினார்கள். அவர் மூன்று டம்ளர் மோர் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, "பசங்களுக்கு ஆளுக்கு ஒரு பாட்டிலு போதும். மத்தத இவங்க பார்த்துக்குவாங்க" என்றார். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். நாலாவது நிறுத்தம் மோர்ப் பந்தல், ஐந்தாவது தண்ணீர்ப் பந்தல்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் தூங்கிப் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் குறிப்புகளை நல்ல தாளில் எழுதினேன். தமிழில்தான் எழுதினேன். எனக்கு வேறு எதில் எழுதத் தெரியும்? ரயிலடி, குளக்கரை, கோட்டை, மோர்ப் பந்தல், தண்ணீர்ப் பந்தல், கோயில் என்று நிறுத்தத்துக்கு ஒரு வரியாக ஆறு வரி. எழுதி முடித்தபோது ஒரு சந்தேகம் வந்தது. அடியில் ஏழாவதாக இதையும் எழுதினேன்: "பந்தல்கள் திருவிழாவுக்காகப் போட்டவையாக இருக்கலாம். கிளம்பும் முன் விசாரிக்கவும். இல்லாவிட்டால் ஆளுக்கு இரண்டு பாட்டில் வேண்டும்." மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் தாளை அவர் கையில் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தலையாட்டினார். "ரொம்ப நல்லா கீது பண்டிட்டு, எழுத்து முத்து முத்தா" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் வகுப்புக்குப் போய்விட்டேன். சொல்ல வேண்டியதை எழுதிவிட்டோம், அவர் பார்த்துக்கொள்வார் என்ற நிம்மதியோடு போனேன்.

பிப்ரவரியிலேயே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மேலிடத்து அனுமதி வரத் தாமதமானது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எங்கள் பள்ளி சென்டர் ஆனதால் மற்ற வகுப்புகளுக்கு லீவு விட்டார்கள். அந்த லீவில் ஒரு நாளைப் பிடித்தார் ஸ்கவுட் மாஸ்டர். மார்ச் பாதி கழிந்திருந்தது. எனக்குப் பரீட்சை டியூட்டி. "நீ வராம கல்வெட்ட எவன் படிப்பான்? சரி, நானே எதாவது அளந்து வுடறேன்" என்று சிரித்துவிட்டு, சயின்ஸ் டீச்சரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இருபத்து நாலு பிள்ளைகளோடு ரயிலேறினார். வெளுத்த சட்டைப் பையில் என் தாளின் மடிப்பு தெரிந்தது. பந்தலைப் பற்றி அப்போதாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஹால் டிக்கெட்டுகளைச் சரிபார்க்கிற அவசரத்தில் கையை மட்டும் ஆட்டினேன்.

அன்று நடந்தது சயின்ஸ் டீச்சரும் பிள்ளைகளும் சொல்லி எனக்குத் தெரியும். அதற்கு அவருடைய இரண்டு பழக்கங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று தண்ணீர். நடக்கிறபோது குடித்தால் வயிற்றில் இழுத்துக்கொள்ளும் என்று அவருக்குப் பயிற்சி முகாமில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நிறுத்தம் வந்து அவர் விசில் ஊதினால்தான் பிள்ளைகள் பாட்டில் மூடியைத் திறக்கலாம். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம், நான் உட்பட. இன்னொன்று கடைசிக் கொடி. வரிசையின் கடைசியில் ஒரு சின்ன மஞ்சள் கொடியோடு ஒரு பிள்ளை நடக்க வேண்டும். குழுவிலேயே யார் மேல் அதிக நம்பிக்கையோ அவர்களுக்குத்தான் அந்தக் கொடி. கொடிக்குப் பின்னால் யாரும் நடக்கக் கூடாது. கொடி வந்து சேர்ந்தால் எல்லோரும் வந்து சேர்ந்தாயிற்று என்று கணக்கு.

அன்று கொடி ஒரு ஏழாம் வகுப்புப் பெண்ணின் கையில் இருந்தது. என் வகுப்புதான். அப்பா இல்லை, அம்மா பள்ளிக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தறி ஓட்டினாள். செய்யுளை ஒரு சொல் தப்பாமல் ஒப்பிப்பாள். ஒரு சொல் தப்பினால் கண் கலங்கி முதலிலிருந்து தொடங்குவாள். முந்தின மாதம்தான் உறுதிமொழி எடுத்து ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். அந்த ஸ்கார்ஃபைத் தினம் இஸ்திரி போடச் சொல்லிப் படுத்துகிறாள் என்று அவள் அம்மா என்னிடம் பெருமையாகக் குறைப்பட்டிருக்கிறாள்.

கோட்டையில் விசில் ஊதினார். எல்லோரும் குடித்தார்கள், பாட்டில்களை நிரப்பிக்கொண்டார்கள். பத்தரைக்கு நடக்கத் தொடங்கினார்கள். புளியமரம் வந்தது, பந்தல் இல்லை. கம்பு நட்ட குழிகள் மட்டும் இருந்தன. திருவிழாப் பந்தலைப் பிரித்தாகிவிட்டது, கோடைப் பந்தல் போட இன்னும் நாள் இருந்தது. அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த பந்தல் கிட்டேதான் இருக்கிறது, அங்கே குடிக்கலாம் என்று நடையை எட்டிப் போட்டார். கையில் ஆளுக்கு ஒரு பாட்டில்தான் இருக்கிறது, இங்கேயே தீர்த்துவிட்டால் பிறகு என்ன செய்வது என்று அவருக்குக் கவலை. அடுத்த இடத்திலும் பந்தல் இல்லை. தார் ரோடு கொதித்தது. கோயில் கோபுரம் தெரிய ஆரம்பித்திருந்தது. அதோ வந்துவிட்டது, அங்கேயே போய் உட்கார்ந்து குடிக்கலாம் என்றார். கெட்டிக்காரப் பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் திருட்டுத்தனமாக ஆளுக்கு ஒரு மடக்கு குடித்திருக்கிறார்கள். பிறகு அழுதுகொண்டே என்னிடம் ஒப்புக்கொண்டார்கள், ஏதோ அதுதான் குற்றம் என்பது போல.

மங்காபுரத்தில் தலை எண்ணினால் இருபத்து மூன்று. கொடி வரவில்லை. அவர் திரும்பி ஓடினார். ரோட்டோரம் மைல் கல்லில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாளாம், கொடியை நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு. உடம்பு அனலாய்ச் சுட்டது, பேச்சு குழறியது. வடதெப்ப, வெயில் அடித்துவிட்டது என்று பக்கத்து வயலிலிருந்து ஓடி வந்தவர்கள் சொன்னார்கள். தலையில் ஊற்றுவதற்காக அவள் தோளிலிருந்த நீல நிறப் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினார். விளிம்பு வரை இருந்த தண்ணீர் அவர் கையில் தளும்பிக் கொட்டியது. அவள் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. விசில் ஊதவில்லையே.

ஆட்டோவில் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டது.

சாவு வீட்டில் நடந்ததை எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஸ்கவுட் மாஸ்டர் அந்தத் தாயின் காலடியில் போய் விழுந்தார். அவள் அவரைத் திட்டவில்லை. ராத்திரியே பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டதாம். போகாதே என்றால் அழுதாளாம். இவளும் சரி போ என்று தலை பின்னி அனுப்பினாளாம். "நான்தான் அனுப்பிச்சேன் சார், நான்தான் அனுப்பிச்சேன்" என்று வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக, வழியில் என்னைப் பார்த்தால் அவள் சொல்கிற சொல் அது ஒன்றுதான்.

பத்து நாள் கழித்துச் சித்தூரிலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். ஹெட்மாஸ்டர் அறையில் நாங்கள் நாலு பேர். உதவியாள் என்ற முறையில் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். பயணத் திட்டம் ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். ஸ்கவுட் மாஸ்டர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். வியர்வையில் ஓரமெல்லாம் நீலமாய் ஊறியிருந்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதி எவரு ராசாரு?" என்றார். யார் எழுதியது என்று கேள்வி.

என் வாய் திறந்தது. அதற்குள் ஸ்கவுட் மாஸ்டர், "நேனே சார்" என்றார். நான்தான் என்று.

அதில் இருப்பதைத் தெலுங்கில் படித்துச் சொல்லும்படி அதிகாரி கேட்டார். அவர் தாளை வாங்கி ஒவ்வொரு வரிக்கும் கட்டை விரலை வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். ரயிலடி, குளக்கரை, கோட்டை. சரியாகத்தான் சொன்னார். ஆனால் கோட்டைக்கு முன்னால் ஒரு சைக்கிள் கடை என்றார், பந்தல் பக்கத்தில் கிளை முறிந்த புளியமரம் என்றார். நான் அதையெல்லாம் எழுதவே இல்லை. அவர் கண்ணைப் பார்த்தேன். அது வரியின் மேல் ஓடவில்லை. நடந்த வழியை மனதில் நடந்துகொண்டிருந்தார். ஆறாவது வரியில் கோயில் வந்து சேர்ந்தது. விரல் கீழே இறங்கி ஏழாவது வரியில் நின்றது. அங்கே அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அந்தே சார்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியும் டீக்கடைப் பேப்பரும் கோயில் சுவரில் திருப்பிக்கொண்ட முகமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இந்த மனுஷனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் எச்சரிக்கையை ஐந்து வாரம் நெஞ்சுக்கு மேலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். தெரியாது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எப்படிச் சொல்வார், ஊரில் யாரிடம் சொன்னாலும் என்னிடம் சொல்வாரா?

நான் வாயைத் திறக்கவில்லை. எழுதியது நான் என்று சொன்னால் ஏழாவது வரியையும் சொல்ல வேண்டும். சொன்னால், எழுதிக் கொடுத்தும் கவனிக்காத ஆள் என்று அவர் மேல் பழி இரண்டு மடங்காகும்; படிக்கத் தெரியாத மானக்கேடு வேறு. அவருக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று ரொம்ப நாள் என்னையே நம்பவைத்துக்கொண்டேன். பொய். எனக்குப் பயம். ஒரு பிள்ளையின் சாவில் என் கையெழுத்து இருப்பதாக எந்த ஃபைலிலும் ஏற வேண்டாம் என்றுதான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிகாரி அவர் சொன்னதைத் தெலுங்கில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இது எனக்கு எதற்கு என்று தாளை அவரிடமே நீட்டினார்.

அவரை சஸ்பெண்ட் செய்து, பிறகு கார்வேட்டிநகரம் பக்கம் மாற்றினார்கள். எங்கள் ஸ்கவுட் குழு கலைந்தது. குடும்பம் நகரியிலேயே இருக்க, அவர் மட்டும் அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கினார். இரண்டு வருஷம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. புத்தூர் வரை வேலையாகப் போனாலும் கார்வேட்டிநகரம் பஸ் நின்றால் வேறு பக்கம் பார்ப்பேன். மூன்றாவது வருஷம் மனசு கேட்காமல் போனேன். பாதியாக இளைத்திருந்தார். சர்க்கரை வியாதி. கேலியெல்லாம் போன இடம் தெரியவில்லை. மழை, பயிர், பென்ஷன் என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"பண்டிட்டு, அந்த பேப்பர்ல கீழ ஒரு வரி இருந்திச்சே. அது இன்னா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த உடம்பு தாங்காது என்று நினைத்தேன். இல்லை, என் உடம்புதான் தாங்காது என்று நினைத்தேன். "தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தேன் மாஸ்டர், அவ்ளோதான்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, டீ குடி. ஆறிப்போவுது" என்றார்.

அதுதான் நாங்கள் உட்கார்ந்து பேசிய கடைசித் தடவை. போன வருஷம் அவர் காலமானார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி கூப்பிட்டு அனுப்பி, ஒரு பழைய தகரப் பெட்டியை என் முன்னால் வைத்தார். இதை உங்களிடம் தரச் சொன்னார் என்றார். திறந்தேன். மேலே விசில். அதன் கீழே ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம், அட்டை கிழிந்தது. அடுத்து ஒரு நாற்பது பக்க நோட்டு. நோட்டுக்குள் என் தாள்.

நோட்டைப் பிரித்தேன். முதல் பக்கங்களில் அ, ஆ. சின்னப் பிள்ளை எழுத்துப் போலக் கோணல்மாணலாக, ஒவ்வொன்றின் கீழும் அதற்கு நேரான தெலுங்கு எழுத்து. பிறகு சொற்கள். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக ஒரே விஷயம். "பந்தல்கள் திருவிழாவுக்காகப் போட்டவையாக இருக்கலாம். கிளம்பும் முன் விசாரிக்கவும். இல்லாவிட்டால் ஆளுக்கு இரண்டு பாட்டில் வேண்டும்." முதலில் எழுத்து எழுத்தாக உடைத்து, பிறகு சேர்த்து, கடைசிப் பக்கத்தில் தடுமாற்றமே இல்லாமல். முத்து முத்தாக.

எப்போது இதைக் கற்றுக்கொண்டார் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அந்த ஊருக்குப் போன மொத வருசமேங்க. அந்த வூட்டுக்காரங்க பொண்ணு ஒண்ணாவது படிச்சிக்கினு இருந்திச்சி, அதுங்கூட உக்காந்து கத்துக்கினாரு. இந்த வயசுல இன்னாத்துக்குன்னு கேட்டா பதிலே சொல்லமாட்டாரு."

முதல் வருஷம். நான் போனது மூன்றாவது வருஷம். அப்படியானால் அந்த டீ டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டபோது அவருக்கு அந்த வரி மனப்பாடம். தெரியாமல் கேட்கவில்லை. நான் சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறார். எழுதினேன் மாஸ்டர், நீங்கள் படிக்கவில்லை, நான் வாயால் சொல்லவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பிள்ளையைக் கொன்றோம் என்று நான் அழுதிருந்தால் அவரும் கூட அழுதிருப்பார். பத்து வருஷத்துக்கு மேல் அந்த மனுஷன் தனியாகவே தூக்கிக்கொண்டு போனார். கடைசியில் விசிலை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெட்டியை வாங்கி வந்து ஒரு வருஷம் பரணில் போட்டு வைத்தேன். இப்போது ஹெட்மாஸ்டர் பிளான் கேட்டதும் இறக்கினேன். நேற்று மத்தியானம் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் இருக்கிற கொட்டகைக்குப் போனேன். அந்தத் தாய் அங்கேதான் இருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. தறிச் சத்தத்தில் பேச முடியாது. சைகை காட்டினேன், நிறுத்தினாள். அவள் எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிரிவில் எட்டாவது வரை படித்தவள். தாளை நீட்டி, இது நான் எழுதினது, அன்றைக்கு ஸ்கவுட் மாஸ்டரிடம் கொடுத்தது, அவருக்குத் தமிழ் படிக்க வராது, எனக்கு அது தெரியாது என்று நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஏழாவது வரியை இரண்டு தடவை படித்தாள்.

காரணம் காய்ச்சல் இல்லை அம்மா, நீ அனுப்பினது தப்பில்லை என்று சொன்னேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதையாவது அவளிடமிருந்து இறக்கி வைக்கலாம் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எழுதனது சரி சார். வாயால ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறவள் போலக் கேட்டாள். பிறகு தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தறியைப் போட்டாள்.

இன்று காலை ஹெட்மாஸ்டரிடம் பிளான் எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளை என் அறைக்கு அனுப்புங்கள், நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். இருபத்தாறு பேர் வந்து நின்றார்கள். இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வழி பிறகு சொல்கிறேன், முதலில் ஒன்று என்று ஆரம்பித்து, தமிழில் சொன்னேன், என் கொச்சைத் தெலுங்கிலும் சொன்னேன்: "தாகம் எடுத்தா அப்பவே குடிங்க. யாராவது சொல்லட்டும்னு நிக்காதீங்க. என்னையும் கேக்க வேணாம்."

முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். ஸ்கார்ஃப் புதிது, மடிப்புக் கலையவில்லை.

"சார், இத நோட்ல எழுதிக்கணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன். நோட்டையெல்லாம் கீழே வைக்கச் சொன்னேன். ஒருத்தர் பின் ஒருத்தராக, இருபத்தாறு பேரையும் அதை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டேன். விசில் மேசை மேலேயே கிடந்தது.